நல்ல கைக்கு ஓர் உறை

மார்ச் 4

தம்பிக்கு,

உன் போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். உன் மனைவியின் போனிலும் அப்படியே. அதனால்தான் தபால். கிழித்துப் போடுவதானால்கூடக் கையில் எடுத்துத்தான் கிழிக்க வேண்டும். அதற்குள் நாலு வரியாவது கண்ணில் படாதா என்று எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நடந்ததை நீ பார்க்கிறவர்களிடமெல்லாம் உன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாய். நடந்தது இதுதான். பாயில் உட்கார்ந்து உன் மகளோடு விளையாடிக்கொண்டிருந்தேன். கன்னத்தைப் பார்த்து நீயே பூசணி என்று பேர் வைத்த பிள்ளை. கிலுகிலுப்பையை அவளுக்கு வலப்பக்கம் நீட்டினேன். உடம்பையே திருப்பிக்கொண்டு இடது கையால் எட்டி வாங்கினாள். "பாத்தியா, ஏழு மாசத்துலயே அப்பன் மாதிரி லெஃப்ட் ஹேண்டு!" என்று நீ கை தட்டிச் சிரித்துவிட்டு உள்ளே போனாய். எனக்குச் சந்தேகம் தட்டியது. அவள் முகத்தில் கைக்குட்டையைப் போட்டேன். இடது கையால் இழுத்தெறிந்தாள். மறுபடி போட்டு, இந்தத் தடவை அவள் இடது கையை என் விரல்களுக்குள் மெதுவாகப் பிடித்துக்கொண்டேன். வலது கை வரவில்லை. தோள் மட்டும் அசைந்தது, மூடிய கை திறக்கவே இல்லை. பிள்ளை அழுதாள். அந்த நேரம் பார்த்து நீ வந்தாய். "கைய விடு!" என்று கத்திப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, என் பையைத் தூக்கித் தெருவில் எறிந்தாய். எதிர்வீட்டுக்காரர்கள் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த அவமானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ இதைப் படி. ஏழு மாதப் பிள்ளைக்கு இடது கைப் பழக்கம், வலது கைப் பழக்கம் என்று எதுவும் கிடையாது. கண்டதையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளுகிற வயது இது. இந்த வயதில் ஒரு கையை மட்டும் நீட்டினால் மற்ற கையால் முடியவில்லை என்று அர்த்தம். பெருமூளை வாதமாக இருக்கலாம். பிறப்பதற்கு முன்போ பிறக்கும்போதோ மூளையில் ஓரிடம் அடிபட்டு, ஒரு பக்கத்துக் கையும் காலும் சொன்னபடி கேட்காமல் போவது. நரம்பு டாக்டரிடம் உடனே காட்டு. ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் என் முகத்தில் காறித் துப்பு, துடைத்துக்கொண்டு போகிறேன். இருக்கிறது என்றால் இந்த மாதங்களை விடக் கூடாது. எந்தக் கைக்கு எவ்வளவு இடம் என்று மூளை இப்போதுதான் பிரித்துக்கொண்டிருக்கிறது. வேலை செய்யாத கைக்கு அது இடம் வைக்காது.

அக்கா


மார்ச் 11

மதிப்பிற்குரிய பிசியோதெரபிஸ்ட் அம்மா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. தாங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய வேலையில் இருக்கிறீர்கள். நான் கண்ணாடிக் கடைக்காரன். ஆனாலும் தாங்கள் என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து என் பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்தியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

மரியாதை இத்தோடு போதும். எந்தக் கையைப் பிடித்தாய்? இடது கையை. அப்பா பிடித்த அதே கையை. சாப்பிட உட்கார்ந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து என் இடது கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவாரே, மறந்துவிட்டதா? "நல்ல பழக்கம் வரட்டும்" என்பார். வலது கையால் அள்ளி, பாதி வாய்க்கும் பாதி சட்டைக்கும் போகும். நீ எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். ஒரு நாளாவது தலை நிமிர்ந்து "விடுங்கப்பா" என்று சொன்னாயா? பள்ளியிலும் அவர் சொல்லி வைத்து அதே கதை. என் எழுத்து கோழி கிண்டிய குப்பையாகி, படிப்பே வேண்டாமென்று ஓடி வந்தேன். இன்றைக்கு அதே இடது கையால்தான் கண்ணாடி வெட்டுகிறேன். இந்தத் தெருவில் எனக்கு நிகராகக் கண்ணாடியில் கோடு கீற இன்னொருவன் இல்லை.

பூசணி முதல் தடவை இடது கையை நீட்டி என் மூக்கைப் பிடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தக் கையை எவனும் தொடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எவளும் தொடக் கூடாது என்று இப்போது சேர்த்துக்கொள்கிறேன்.

தடுப்பூசி போடுகிற டாக்டர் போன மாதம்தான் பார்த்தார். "கொழுகொழுன்னு இருக்கா, என்ன கவலை உங்களுக்கு?" என்றார். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து உனக்குக் கண் கெட்டுவிட்டது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். இனிமேல் எழுதாதே.

உன் தம்பியாகப் பிறந்து தொலைத்தவன்


மார்ச் 17

டேய்,

காமாலைக் கண் எனக்கா உனக்கா? பிள்ளையைப் பார்க்கச் சொன்னால் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. அவரோடு போட வேண்டிய சண்டையை நீயும் போடவில்லை, நானும் போடவில்லை. அவர் முன்னால் தலை நிமிர அந்த வீட்டில் யாருக்கு தைரியம் இருந்தது? எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கு என்ன தண்டனை உண்டோ அதை என் தலையில் போடு. பூசணி தலையில் போடாதே.

நீ இடது கைக்காரன், சரி. உன் வலது கை என்ன செய்கிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறாயா? நாளைக்குக் கடையில் அதை மட்டும் பார். நீ கோடு போடும்போது அளவுகோலை அசையாமல் அழுத்திப் பிடிப்பது எந்தக் கை? கோடு போட்ட கண்ணாடியை மேசை விளிம்பில் வைத்து ஒடிக்கிறாயே, ஒரே கையாலா ஒடிக்கிறாய்? இடது கைக்காரனுக்கும் வலது கை உண்டு. உன் மகளுக்கு இப்போதைக்கு இல்லை. இதுதான் வித்தியாசம். இது தெரிய டாக்டர் பட்டம் வேண்டாம்.

அவள் கையை யாரும் பிடித்து வைக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்து பார். கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கிறதா? சட்டை போடும்போது அந்தக் கை மட்டும் முரண்டு பிடிக்கிறதா? உன் மனைவியைக் கேள், அவளுக்குத் தெரியாமல் இருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை உன் வீட்டில் நீ ஒருவன்தான் செய்துகொண்டிருப்பாய்.

போன வாரம் ஒருவர் நாலு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். முழங்கை மடங்கி, மணிக்கட்டு உள்பக்கம் வளைந்து இறுகிப்போன கை. அந்தப் பையன் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான். "தானா சரியாகிடும்னு எல்லாரும் சொன்னாங்க மேடம்" என்றார். அந்த எல்லாரையும் வரிசையில் நிறுத்தி அறைய வேண்டும் போலிருந்தது. வரிசையில் முதல் ஆளாக நீ நிற்கிறாய்.

பையைத் தெருவில் எறிந்தாயே, அன்றைக்கு ரயிலில் வழியெல்லாம் அழுதுகொண்டு போனேன். நீ விரட்டியதற்காக இல்லை. தினமும் ஆஸ்பத்திரியில் என் பாயில் படுக்க வைக்கிற பிள்ளைகளைப் போல என் தம்பி பிள்ளையும் ஒன்று என்று தெரிந்துவிட்டதால்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். சந்தோஷமாக இரு.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் கடையில் வலது கையையே பார்த்துக்கொண்டு வேலை செய்ததில் ஒரு வாடிக்கையாளரின் பீரோக் கண்ணாடி குறுக்கே பிளந்தது. அவர் என்னைத் திட்டினார், நான் உன்னைத் திட்டினேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் பூசணியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கையைத் திறந்தேன். திறக்கவே விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளங்கையில் போர்வைப் பிசிறும் பால் ஈரமும் சேர்ந்து புளித்த வாடை. "தினம் தொடைக்கிறேன், மறுநாளே மறுபடி சேந்துடுது" என்றாள் என் மனைவி. "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். "நாலாம் மாசமே சொன்னேன். வாய மூடுன்னு சொன்னீங்க. மூடிக்கிட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சே கிடையாது. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு தயார் என்று எனக்குத் தெரிகிறது.

ஸ்கேன் எடுத்தோம். நீ சொன்ன அதே வியாதிதான். மூளையில் இடது பக்கம் ஓரிடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கிறதாம். அவள் வயிற்றில் இருந்தபோதே நடந்திருக்கலாமாம். வலது கால்கூடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதாம். "இது யார் தப்பும் இல்ல" என்றார் நரம்பு டாக்டர். யார் தப்பும் இல்லையென்றால் நான் யாரைத் திட்டுவது? தடுப்பூசி டாக்டரிடம் போய்க் கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் பயந்து அழுததுதான் மிச்சம்.

பிசியோவுக்கும் போனோம். அங்கே ஒரு சின்னப் பெண். நன்றாகத்தான் பேசினாள். பூசணியை ஒரு பெரிய பந்தின் மேல் உட்கார வைத்து ஆட்டினாள், பிள்ளை சிரித்தாள். அப்புறம் ஒரு துணி உறையை எடுத்தாள். சாக்ஸை வெட்டித் தைத்தது போல இருந்தது. வலது கைக்குத்தானே என்று பார்த்தால் இடது கையில் மாட்டப் போகிறாள். "அந்தக் கை இல்லம்மா" என்றேன். "இல்ல சார், நல்ல கைக்குத்தான் போடணும்" என்றாள். அந்த உறையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் பிள்ளைக்கு இருப்பதே ஒரு கை. அதையும் கட்டச் சொல்கிறீர்கள். உங்கள் படிப்பில் இரக்கம் என்று ஒரு பாடம் கிடையாதா? வேறு வழி இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுதாதே.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

இவ்வளவு நன்றாகப் பலன் தருகிற வழி வேறு இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேள். நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் அவள் சொன்னாள். நானாக இருந்தால் உறையை எறிந்த ஆளை அவ்வளவு சுலபமாக வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டேன்.

அது கட்டு இல்லை. உறைக்குள் இடது கை மடக்கலாம், நீட்டலாம், ஆட்டலாம். பொருளைப் பிடிக்க மட்டும் வராது. தினமும் அரை மணி நேரம். தூங்கி எழுந்து வயிறு நிறைந்து குஷியாக இருக்கிற நேரத்தில் போட வேண்டும். அவள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விளையாட்டுக் காட்ட வேண்டும். வலது கைக்கு எட்டுகிற தூரத்தில், லேசாக, மெத்தென்று, விரல் பட்டாலே அசைகிற பொருளாக வை. அவள் தட்டினால் போதும், உரசினால் போதும், நீ குதித்துக் கொண்டாடு. சிணுங்கினால் விளையாட்டை மாற்று. ஏங்கி அழுதால் கழற்றிவிடு, பிறகு பார்க்கலாம். முடிந்ததும் உறையை எடுத்துவிட்டு, இரண்டு கையும் சேர்ந்தால்தான் பிடிக்க முடிகிற பெரிய பந்தைக் கொடு. இரண்டு கையும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளத்தான் இத்தனை பாடும்.

உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அவள் வலது கை ஒருநாளும் இடது கை மாதிரி ஆகாது. துணைக் கையாக ஆகும். பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும், மூடியை மற்ற கை திறக்கும். பொத்தான் போடும்போது சட்டையைப் பிடித்துக்கொடுக்கும். விழப்போனால் ஊன்றும். அதுகூட இப்போது ஆரம்பித்தால் கிடைக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். அவளுக்கு நடை வரும் என்று நினைக்கிறேன், காலுக்கும் வேலை கொடுக்க வேண்டும், அதையும் அந்தப் பெண் சொல்லித் தருவாள்.

அப்பா செய்தது நன்றாக இருந்த கையை முடக்குவது. இது முடங்கிய கையை எழுப்புவது. இரண்டும் உன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது. நீ சூடு கண்ட பூனை, உனக்குப் பயம் இருக்கும், இருக்கட்டும். அதற்காகக் குட்டியைப் பட்டினி போடுவாயா? உனக்கு வலித்தது என்பதற்காக அவளுக்கு ஒரு கை போக வேண்டுமா? பதில் எழுது. நான் கோபத்தில்தான் கேட்கிறேன், ஆனால் நிஜமாகவே கேட்கிறேன்.

அக்கா


மே 5

அக்கா,

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், நிறைய அப்பாங்க எறிஞ்சிருக்காங்க" என்றாள். அதைக் கேட்டு இன்னும் கேவலமாக இருந்தது.

உறை போடுவது என் மனைவி. நான் வெளியே போய்விடுவேன். தெருமுனையில் நின்று போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பேன். நேற்று மழை பிடித்துக்கொண்டதால் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். பூசணி பாயில் உட்கார்ந்து, உறை போட்ட கையைத் தரையில் அடித்து அடித்து அழுகிறாள். என் மனைவி ஏதோ பொம்மையை ஆட்டிக்கொண்டு பாடுகிறாள். என் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. பாய்ந்து போய் உறையை உருவிவிட்டேன்.

என் மனைவி எழுந்து என் சட்டையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள். இத்தனை வருடத்தில் அவள் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "உங்கப்பா உங்க இடது கையக் கட்டினாரு. நீங்க இவ வலது கையக் கட்டுறீங்க. துண்டு ஒண்ணுதான் இல்ல. நானும் உங்க அக்காவும் கத்துறது உங்க காதுல விழல. உங்கப்பாகிட்ட நாங்க கத்தியிருந்தாலும் இப்படித்தான் அவரு காதுல விழுந்திருக்காது" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள். மழையில் நின்றேன். உள்ளே பிள்ளை அழுகை நின்று, கொஞ்ச நேரத்தில் சிரிக்கிற சத்தம் கேட்டது. மறுபடி உறையைப் போட்டிருக்கிறாள் என்று புரிந்தது.

என்னை நம் அப்பா என்று சொல்லிவிட்டாள், அக்கா. வேறு எந்தக் கெட்ட வார்த்தை சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

தம்பி


மே 10

தம்பிக்கு,

அவள் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

பஸ்ஸை எண்ணியது போதும். பாயில் உட்கார்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

உடனே பதில் எழுது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்கு என் மனைவி திரும்பப் போக ஆரம்பித்துவிட்டாள். காலை ஷிப்ட். அதனால் காலையில் உறை போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு மாட்டினேன். பூசணி உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து தெரியும், எதிரில் இருந்து பார்த்தது அன்றைக்குத்தான். உருவி எறிந்துவிட்டு ஓடிவிடலாமா என்று வந்தது. ஓடவில்லை. நான் அழுதுகொண்டே பொம்மை ஆட்டினேன். அப்பன் இப்படி அழுவதைப் பார்த்ததில்லையா, அவள் சிணுங்கலை நிறுத்திவிட்டு என்னையே வேடிக்கை பார்த்தாள்.

நீ சொன்ன மாதிரி மெத்தென்று வாங்கிய பொம்மைகள் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி மூலை உடையாமல் இருக்க நாங்கள் வைத்துக் கட்டுகிற நுரைத் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டேன். அதைத் தட்டுகிறாள். முதலில் மூடிய கையால் இடித்தாள். பிறகு இரண்டு விரல் திறந்தது. ஒருநாள் ஒரு துண்டு அவள் கையிலேயே கொஞ்ச நேரம் நின்றது. நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் மறுபடியும் பால்கனிக்கு வந்துவிட்டார்.

இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? பாயில் அவள் பக்கத்தில் தலை வைத்துப் படுத்திருந்தேன். உறை போட்ட கோபம் அவளுக்கு. என் முகத்தில் ஓங்கி ஓர் அடி. வலது கையால். உதடு பல்லில் பட்டு ரத்தம் வந்தது. நான் சிரிப்பதற்குள் அந்தக் கை என் மீசையைப் பிடித்துக்கொண்டது. என்ன பிடி! கண்ணில் நீர் வந்துவிட்டது. சரி, நானே விரலைப் பிரித்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விட நினைக்கிறாள். அப்பனுக்கு வலிக்கிறது என்று தெரிந்து புருவம் சுருங்குகிறது, தோள் இழுக்கிறது, ஆனால் கை விடவில்லை. இறுகத்தான் செய்கிறது. பிடிக்கத் தெரிந்துகொண்டாள், விடத் தெரியவில்லை. கடை திறக்க வேண்டிய நேரத்தில் வாடிக்கையாளர் போன் மேல் போன் அடித்துக்கொண்டிருக்க, மீசையைக் கொடுத்துவிட்டு அப்படியே கிடந்தேன்.

இதற்கு என்ன செய்வது? விரலைப் பிடித்து இழுக்கலாமா, கூடாதா? பிசியோவில் இருக்கிற அந்தச் சின்னப் பெண் ஊரில் இல்லை, அடுத்த வாரம்தான் வருவாளாம். அதுவரை எனக்குப் பொறுமை இல்லை. பிடித்ததை விடாத குணம் நம் குடும்பத்தில் உனக்கும் எனக்கும் இருப்பது போதும். இவளுக்கு வேண்டாம்.

பதில் எழுது என்றேனே, வேண்டாம், எழுதினால் எனக்குப் புரியாது. நேரில் வந்து காட்டு. உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை, அந்தச் சாப்பாட்டு மேசைச் சண்டையை ஒருநாள் போட்டே தீருவேன். அதைப் பிள்ளை தூங்கின பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் அந்த விரல்களைத் திறக்கச் சொல்லிக்கொடு.

தம்பி